கம்பி முதல் காற்று வரை – 23: பூட்டில்லாத எக்சேஞ்ச்

2003-ல் பசுமலையில், திருமங்கலம் சாலையை ஒட்டிய ஒரு நூல் வியாபார அலுவலகத்தில் நான் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். முதலாளியின் மேசைக்குப் பின்னால் சுவரில் ஒரு வெள்ளைப் பெட்டி தொங்கும். பில்லில் ஈ.பி.ஏ.பி.எக்ஸ். என்று இருக்கும், நாங்கள் இன்டர்காம் என்போம். வெளியிலிருந்து இரண்டு லைன், உள்ளே எட்டு எக்ஸ்டென்ஷன். ஒன்பதாவது மேசைக்கு ஒரு போன் தேவைப்பட்டபோதுதான் அந்தப் பெட்டியின் குணம் எங்களுக்குத் தெரிந்தது. கூடுதல் கார்டை அதே கம்பெனியில்தான் வாங்க வேண்டும். வாங்கிவிட்டாலும் நாமே செருகிக்கொள்ள முடியாது. அதைப் பெட்டிக்குள் பதியவைக்கும் பாஸ்வேர்டு, சென்னையிலிருந்து வரும் டெக்னீஷியன் ஒருவருக்கு மட்டுமே தெரியும். அவர் வர பதினேழு நாள் ஆயிற்று. வந்து அரை மணி நேரம் வேலை பார்த்தார். அவர் வந்து போனதற்கான பில் கார்டின் விலையைத் தாண்டியது.

“நம்ம காசப் போட்டு வாங்குன பொட்டி. சாவி மட்டும் ஊரான் கையில” என்றார் முதலாளி. அவர் கோபப்பட்டு நான் பார்த்த சில தடவைகளில் அது ஒன்று.

சென்ற வாரம், அரசின் தொலைபேசி ஆய்வு மையமான சி-டாட்டின் கிராம எக்சேஞ்சைப் பார்த்தோம். 128 லைன், குளிர்சாதனம் தேவைப்படாத அமைப்பு, 1986-ல் கர்நாடகத்துக் கிட்டூரில் வைத்த முதல் பெட்டி. அரசு செலவில் உருவான அந்த வடிவமைப்பு ஒரே கம்பெனியின் பெட்டிக்குள் முடங்காமல் பல உற்பத்தியாளர்களுக்கும் போனதால்தான் ஊர் ஊராக டயல் டோன் கேட்டது என்று எழுதியிருந்தேன். ஆனால் அது உரிமம் வாங்கிய தொழிற்சாலைகளுக்குள் மட்டும் புழங்கிய வடிவமைப்பு. யார் வேண்டுமானாலும் எடுத்துப் படிக்கலாம், திருத்தலாம், தன் வீட்டுக் கம்ப்யூட்டரிலேயே ஓட்டிப் பார்க்கலாம் என்ற நிலைக்கு எக்சேஞ்ச் வந்து சேர, ஒரு கல்லூரி மாணவருக்குக் கையில் காசு போதாமல் போக வேண்டியிருந்தது.

1999. அமெரிக்காவின் அலபாமா மாநிலம். ஆபர்ன் பல்கலைக்கழக மாணவர் மார்க் ஸ்பென்சர், கையிலிருந்த சுமார் 4,000 டாலரைப் போட்டு ஒரு சிறு கம்பெனி தொடங்குகிறார். லினக்ஸ் பயன்படுத்துகிறவர்கள் சந்தேகம் வந்தால் போன் செய்யலாம். பதில் சொல்ல ஆள் உண்டு. அதுதான் தொழில். வருகிற போனை வாங்கி, சரியான ஆளுக்குத் தள்ளிவிட ஒரு எக்சேஞ்ச் வேண்டும். விசாரித்தால், சந்தையில் கிடைத்தவற்றின் விலை அவருடைய முதலீட்டையே விழுங்கிவிடும்போல் இருந்தது. எங்கள் முதலாளி பில்லைக் கட்டிவிட்டு அலுத்துக்கொண்டார். ஸ்பென்சருக்கு நிரல் எழுதத் தெரியும். உட்கார்ந்து எழுதிவிட்டார். அதற்கு ஆஸ்டெரிஸ்க் என்று பெயர் வைத்தார். போன் பட்டன்களில் இருக்கும் நட்சத்திரக் குறிதான் அது. கம்ப்யூட்டர்க்காரர்கள் மொழியில் ‘எதுவானாலும் சரி’ என்று பொருள் தருகிற குறி. எழுதியதை ஜி.பி.எல். உரிமத்தில் உலகத்துக்கே திறந்துவிட்டார். எவரும் எடுக்கலாம், திருத்தலாம். திருத்தியதைப் பிறருக்குக் கொடுத்தால் மூல நிரலையும் சேர்த்தே கொடுக்க வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை.

மென்பொருள் வந்துவிட்டது. தெருவிலிருந்து வரும் தொலைபேசிக் கம்பியைக் கம்ப்யூட்டருக்குள் எப்படி நுழைப்பது? இந்த இடத்தில் ஜிம் டிக்ஸன் வருகிறார். தொலைபேசிப் பொறியாளரான அவர் பல ஆண்டுகளாக ஒரு கணக்கு போட்டுவந்தார். குரலைப் பிரித்து, பட்டன் ஒலியை அடையாளம் கண்டு, எதிரொலியை நீக்கும் வேலைக்கெல்லாம் தனிச் சில்லுகள் கொண்ட கார்டுகளை அன்றைய கம்பெனிகள் மிகப் பெரிய விலைக்கு விற்றன. மேசைக் கம்ப்யூட்டரின் மூளையோ வருடத்துக்கு வருடம் வேகம் கூடிக்கொண்டிருந்தது. அந்த வேலைகளையும் அதன் தலையிலேயே கட்டிவிட்டால் கார்டு வெறும் வாசற்படிதானே? குரலை உள்ளே விட்டு வெளியே விட்டால் போதும், விலை சரிந்துவிடும். அப்படி ஒரு கார்டை வடிவமைத்து, அதன் வரைபடத்தையும் நிரலையும் யாவரும் எடுத்துக்கொள்ளட்டும் என்று வெளியிட்டார். மெக்ஸிகோ விவசாயிகளின் புரட்சித் தலைவர் எமிலியானோ ஸபாட்டாவின் பெயரைத் திட்டத்துக்கு வைத்தார். கார்டுக்குப் பெயர் டோர்மென்டா, ஸ்பானிய மொழியில் புயல். டிக்ஸனின் கார்டும் ஸ்பென்சரின் நிரலும் சேர்ந்ததும், ஒரு சாதாரணக் கம்ப்யூட்டர் எக்சேஞ்ச் ஆயிற்று.

நிரலை இலவசமாகக் கொடுத்துவிட்டவருக்குச் சோறு எங்கிருந்து வரும்? இந்தத் தொடரைப் படிக்கும் நண்பர்கள் பலர் கேட்கிற கேள்வி இதுதான் என்பதால் இங்கே கொஞ்சம் நின்று பார்க்கலாம்.

ஸ்பென்சரின் கம்பெனி டிஜியம் என்று பெயர் மாற்றிக்கொண்டு கார்டு விற்றது. ஆஸ்டெரிஸ்க்கை இறக்கிக்கொள்ளக் காசு வேண்டாம். ஆனால் அதைத் தெருக்கம்பியோடு இணைக்க ஒரு கார்டு வேண்டும். நிரலை எழுதியவர்களே செய்த கார்டு என்றால் மனத்தெம்பு. ஆரம்ப கார்டுகளில் எக்ஸ்100பி என்று ஒன்று, ஒரே லைனுக்கானது. நோண்டிப் பார்த்தவர்களுக்கு அதன் ரகசியம் சீக்கிரம் பிடிபட்டது: உள்ளே இருந்தது சாதாரண மோடம் சில்லு. அதே சில்லு உள்ள மலிவு மோடங்கள் அந்த வேலையைச் செய்தன. சீனாவிலிருந்து போட்டிக் கார்டுகள் வந்தன. திறந்த வரைபடம் அப்படித்தான். தன் பிழைப்பில் அடுத்தவன் பங்கு கேட்பதை அது தடுக்காது.

இரண்டாவது வரும்படி காப்புரிமையின் ஓரத்தில் கிடைத்தது. ஜி.729 என்று குரலைச் சுருக்கி அனுப்பும் முறை ஒன்று உண்டு. இணைய வேகம் குறைந்த இடங்களில் அது உயிர்நாடி. ஆனால் அதன் காப்புரிமைகள் வேறு கம்பெனிகளிடம் இருந்ததால் கட்டற்ற நிரலுக்குள் அப்படியே சேர்க்க முடியவில்லை. டிஜியம் முறைப்படி உரிமம் வாங்கி, ஒரு சேனலுக்கு 10 டாலர் என்று விற்றது. (2017 தொடக்கத்தில் அந்தக் காப்புரிமைகள் காலாவதியாயின; அந்த வருமானமும் முடிந்தது.) மூன்றாவதாக இரட்டை உரிமம். ஜி.பி.எல். நிபந்தனை வேண்டாம், என் சரக்குக்குள் மூடிவைத்து விற்க வேண்டும் என்கிற உற்பத்தியாளர் காசு கொடுத்து வேறு உரிமம் வாங்கலாம்.

மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு பொது இடம் தெரிகிறது. கட்டற்ற நிரல், கட்டுள்ள உலகத்தைத் தொடும் வாசலில்தான் காசு பிறந்திருக்கிறது. தெருக்கம்பி ஒரு வாசல், காப்புரிமை இன்னொரு வாசல், மூடி விற்பவரின் தொழிற்சாலை மூன்றாவது வாசல். உள்ளே இருக்கும் வீடு எல்லாருக்கும் பொது.

மதுரைக்காரர்களுக்கு இது புரியாத கணக்கல்ல. 1976-ல் டாக்டர் கோ. வெங்கடசாமி அரசுப் பணியிலிருந்து ஓய்வுபெற்ற கையோடு 11 படுக்கைகளுடன் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை நம் கண்முன் வளர்ந்தது. பணம் கட்டுகிறவருக்கும் கட்ட முடியாதவருக்கும் அறுவை செய்வது அதே டாக்டர்கள். கட்டுகிறவர் தனி அறையையும் வேறு சில வசதிகளையும் வாங்குகிறார். அந்த வரும்படியில் மற்றவருக்கும் பார்வை வருகிறது, மருத்துவமனையும் சொந்தக் காலில் நிற்கிறது. ஆங்கிலத்தில் விலையில்லாததற்கும் விடுதலைக்கும் ஒரே சொல். அந்தக் குழப்பத்தைத் தீர்க்க அவர்கள் பக்கம் பக்கமாக எழுதவேண்டியிருந்தது. தமிழில் ‘இலவசம்’ வேறு, ‘கட்டற்றது’ வேறு. நம் ஊர் மென்பொருள் ஆர்வலர்கள் ‘கட்டற்ற மென்பொருள்’ என்ற பெயரைப் பிடித்துக்கொண்டது எனக்கு நிறைவளிக்கிற செய்தி.

கட்டற்ற உலகத்திலும் வழக்குகள் உண்டு. டிக்ஸனின் திட்டத்திலிருந்து வந்த, கார்டுகளை இயக்கும் நிரலின் ‘ஸாப்டெல்’ என்ற பெயர் வேறொரு தொலைபேசிக் கம்பெனியின் வணிகப் பெயர் என்று தெரியவந்து, 2008-ல் ‘தாதி’ என்று மாற்றினார்கள். பெயரைவிடப் பெரிய பிளவு 2006-ல் வந்தது. ஆஸ்டெரிஸ்க்குக்கு நிறைய எழுதிக்கொடுத்த அந்தோணி மினெஸ்ஸேல், நூற்றுக்கணக்கான அழைப்புகள் ஒரே நேரத்தில் வந்தால் அந்த அமைப்பு திணறுவதைக் கண்டு, அடிப்படையிலிருந்து திருத்தி எழுதலாம் என்றார். யோசனை எடுபடவில்லை. தனியே போய் ஃப்ரீஸ்விட்ச் என்று புதிதாகவே எழுதினார். 2008 மே மாதம் அதன் 1.0 வெளிவந்தது. ஒரே தெருவில் இரண்டு கடை என்று அன்று சிலர் வருந்தினார்கள். வருந்த வேண்டியதில்லை என்பது என் கட்சி. ஆஸ்டெரிஸ்க் அலுவலக எக்சேஞ்ச்சாக நின்றது. பெரிய சுமை தூக்கும் எந்திரமாக ஃப்ரீஸ்விட்ச் வளர்ந்தது. அடுத்த கட்டத்துக்கு அந்த எந்திரம்தான் தேவைப்பட்டது.

அடுத்த கட்டம் என்பது, எக்சேஞ்ச்சே வேண்டாம் என்கிற கட்டம். 2008-ல் அமெரிக்காவில் ட்விலியோ பிறந்தது. ஒரு கடைக்காரர் தன் இணையதளத்திலிருந்து வாடிக்கையாளருக்குப் போன் போகவேண்டும் என்றால், அவருடைய நிரலாளர் நாலு வரி எழுதினால் போதும். கம்பி, கார்டு, எக்சேஞ்ச் எல்லாம் ட்விலியோ பொறுப்பு. நிமிஷத்துக்கு இவ்வளவு, குறுஞ்செய்திக்கு இவ்வளவு என்று வாடகை. 2016 ஜூனில் அந்தக் கம்பெனி நியூயார்க் பங்குச் சந்தைக்குப் போனது.

அதே வேலையைத் திறந்த நிரலாகச் செய்துபார்த்தவர்கள் வெங்கி பாலசுப்பிரமணியனும் மைக்கேல் ரிக்கார்டோவும். 2011-ல் ஃப்ரீஸ்விட்ச்சின் மேல் ஒரு அடுக்கு எழுதி, ப்ளிவோ என்று பெயரிட்டு வெளியிட்டார்கள். தொலைபேசி நுணுக்கம் தெரியாத வலைத்தள நிரலாளரும் அதைக் கொண்டு அழைப்பை எடுக்கலாம், திருப்பலாம், பதிவு செய்யலாம். உலகெங்கும் ஆட்கள் இறக்கிக்கொண்டார்கள். ஆனால் இறக்கியவர்களில் பலர் அடுத்துக் கேட்டது ஒன்றே: இதை நீங்களே ஓட்டிக் கொடுங்களேன்? புதுக் கம்பெனிகளுக்கு முதலும் பயிற்சியும் தரும் ஒய் காம்பினேட்டரில் 2012 கோடையில் சேர்ந்த ப்ளிவோ, பெங்களூரிலும் சான் பிரான்சிஸ்கோவிலும் இருந்துகொண்டு வாடகைச் சேவையாக மாறியது. தொழில் நிலைத்தது. முதலில் திறந்துவிட்ட அந்த நிரல் மட்டும் பின்னர் கவனிப்பாரின்றித் தேங்கியது. கம்பெனி பிழைக்க அது தவிர்க்க முடியாததாக இருந்திருக்கலாம். ஆனாலும் ஊர்க்கிணறு தூர்ந்தால் வருகிற வருத்தம் எனக்கு இதில் வருகிறது. அதை வெட்டியவர்களுக்குக் குழாய் வந்துவிட்டது. குடத்தோடு நடந்து வந்தவர்களுக்கு வரவில்லை.

அதே 2011-ல் பெங்களூரில் ஷிவகுமார் கணேசனும் நண்பர்களும் தொடங்கிய எக்ஸோடெல்லின் கதை வேறு வழியில் வந்தது. அவர்கள் முதலில் நடத்தியது ரூபிட் என்ற வரிவிளம்பரத் தொழில். வருகிற போன்களைச் சமாளிக்கத் தங்களுக்காக ஒரு அமைப்பு செய்துகொண்டார்கள். பார்த்தால் விளம்பரத்தைவிட அந்த அமைப்புக்குத்தான் கிராக்கி. நம் நாட்டு மிஸ்டு கால் பழக்கமும் அந்தக் காலத்தில் ஒரு தொழிலாயிற்று. காசு செலவழிக்காமல் ‘நான் வந்துட்டேன்’ என்று சொல்ல நாம் கண்டுபிடித்த மொழி அது. 2010-ல் பெங்களூரில் தொடங்கிய ஸிப்டயல் அதையே சரக்காக்கியது. 2015 ஜனவரியில் ட்விட்டர் அதை வாங்கியது.

இந்தியாவில் வாசல் இன்னும் குறுகலானது என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். தொலைபேசி எண் தர உரிமம் பெற்ற நிறுவனத்தால்தான் முடியும். இணையத்தில் வரும் குரலையும் சாதாரண லைனில் வரும் குரலையும் கலக்கக் கடுமையான தடைகள் நெடுங்காலம் இருந்தன. ஆஸ்டெரிஸ்க் தெரிந்த ஒரு பையன் அரை நாளில் செய்கிற இணைப்பு, சட்டப்படி குற்றமாகிவிடலாம். கால் சென்டர்களுக்கான அந்தக் கட்டுகள் 2020 நவம்பரிலும் 2021 ஜூனிலும்தான் பெரிதாகத் தளர்ந்தன. குறுஞ்செய்திக்கும் அப்படியே: தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான ட்ராயின் 2018-ஆம் ஆண்டு விதிகளின்படி, வணிகச் செய்தி அனுப்புகிறவர் தன் பெயரையும் செய்தியின் வாசக அச்சையும் முன்கூட்டியே பதிவுசெய்ய வேண்டும். 2021 மார்ச் 8 அன்று, பதிவில் இல்லாத செய்திகளைத் தொலைபேசி நிறுவனங்கள் தடுக்கத் தொடங்கின. அன்று நாடு முழுக்க வங்கி ஓ.டி.பி.கள் பல வரவில்லை. மறுநாள் ட்ராய் ஏழு நாளைக்கு அதை நிறுத்திவைத்தது. நிரல் யாரிடமும் கிடைக்கும். அன்று அந்தப் பதிவுகளைச் சரியாக முடித்து வைத்திருந்தவரிடம்தான் வியாபாரி ஓடினார். இப்படிப்பட்ட நாட்களுக்காகத்தான் மாத வாடகை கட்டுகிறார்கள்.

டெலஸ்டாக்ஸ் பற்றியும் சொல்ல வேண்டும், சுருக்கமாக. ஜாவா மொழியில் எழுதிய மொபிசென்ட்ஸ் என்ற திறந்த தொலைபேசித் தளம் ஒன்று ரெட் ஹாட் நிறுவனத்தின் நிழலில் வளர்ந்தது. நிறுவனம் அந்தத் துறையிலிருந்து விலகியபோது, அதை எழுதியவர்கள் 2011-ல் டெலஸ்டாக்ஸ் என்று தனிக்கடை போட்டார்கள். ஜான் டெருயெல், இவெலின் இவனோவ் ஆகியோருடன் நம் நாட்டு அமித் பயானியும் அதில் இருந்தார். செல்போன் நிறுவனங்களின் எக்சேஞ்சுகள் தங்களுக்குள் பேசும் பழைய மொழியை அவர்கள் திறந்த நிரலாக்கினார்கள். நட்சத்திரம் போட்டு, எண் அடித்து, ஹாஷ் அழுத்தி நாம் பேலன்ஸ் பார்க்கிறோமே, அந்த வசதியைத் தரும் அமைப்பை ஒரு தொலைபேசி நிறுவனம் அதைக் கொண்டு கட்டலாம். பெரிய சாதனக் கம்பெனிகள் பல கோடிக்கு விற்ற வேலை அது. வாடகைச் சேவைக்காரர்கள் நிரலை எடுத்து ஓட்டிவிட்டு, திருத்தங்களைத் தங்களிடமே வைத்துக்கொள்வதைத் தடுக்க ஏ.ஜி.பி.எல். உரிமத்தை எடுத்தார்கள். திருத்திய நிரலை யாருக்கும் கொடுக்காமல் சேவையாக மட்டும் நடத்தினாலும் மூலத்தைத் திறக்க வேண்டும் என்பது அதன் விதி. கிணற்றைத் தூர விடாமல் காக்க எழுதிய விதி என்று நான் அதைப் படிக்கிறேன். 2021-ல் மாவெனிர் நிறுவனம் டெலஸ்டாக்ஸை வாங்கியது. டிஜியத்தை அதற்கு மூன்று ஆண்டு முன்பே, ஏறக்குறைய 28 மில்லியன் டாலருக்கு, கனடாவின் ஸங்கோமா வாங்கியிருந்தது. ஒரு காலத்தில் ஆஸ்டெரிஸ்க்குக்கே போட்டிக் கார்டு செய்து விற்ற கம்பெனி அது.

இவ்வளவு பெரிய தொகைகளுக்கு நடுவே நம் பக்கத்து அனுபவம் இரண்டு. மேலூர் தாலுகாவில் 2001-ல் சென்னை ஐ.ஐ.டி., எம்.ஐ.டி., ஹார்வர்டு எல்லாம் சேர்ந்து கிராமத்து இணைய மையங்களைத் தொடங்கின. நம் ஐ.ஐ.டி. கண்டுபிடித்த கார்டெக்ட் கம்பியில்லா இணைப்பு நன்றாகவே வேலை செய்தது. மக்கள் காசு கொடுத்து வந்தது சாதிச் சான்று, வருமானச் சான்று போன்றவற்றுக்கு மனு கொடுக்க. ஊக்கமாக இருந்த அதிகாரிகள் மாறியதும் அந்தச் சேவை நின்றது. சில ஆண்டுகளில் மையங்கள் பலவும் மூடின. இணைப்பில் பழுதில்லை. தாலுகா அலுவலகத்து வாசல் அடைத்துக்கொண்டது.

தேனியில் நடந்தது வேறு. அரவிந்த் மருத்துவமனையும் கலிபோர்னியாவின் பெர்க்கிலி பல்கலைக்கழகத்தில் எரிக் ப்ரூவரின் குழுவும் சேர்ந்து, கிராமத்துக் கண் மையங்களைச் சாதா வைஃபை கருவிகளால் இணைத்தார்கள். ஒரு அறைக்குள் ஓடப் பிறந்த வைஃபை, மைல் கணக்கில் போனால் தடுமாறும். ‘கிடைத்தது’ என்ற பதில் வருவதற்குள், போகவில்லை போலிருக்கிறது என்று மறுபடி அனுப்பிக்கொண்டே இருக்கும். குழு திறந்த நிரலைத் திருத்தி, இந்த நொடிப் பங்கு உனக்கு, அடுத்தது எனக்கு என்று முறை வைத்தது. நோயாளி கிராமத்தில் உட்கார்ந்திருக்க, தேனி டாக்டர் திரையில் அவர் முகத்தைப் பார்த்துப் பேசினார். பிறகுதான் உண்மையான சோதனை வந்தது. மின்சாரம் ஆயிரம் வோல்ட் வரை எகிறிப் பாய்ந்து கருவிகளை எரித்தது. 2008-ல் அந்தக் குழு எழுதிய ஆய்வுக் கட்டுரை பெரும்பாலும் இந்தப் பழுதுகளைப் பற்றியும், அவற்றைக் கண்டறிந்து சரிசெய்ய உள்ளூர் ஊழியர்கள் பழகியது பற்றியும்தான். கணினித் துறையில் நான் படித்த நேர்மையான கட்டுரைகளில் அது ஒன்று.

எங்கள் பசுமலை அலுவலகத்தின் வெள்ளைப் பெட்டி 2009-ல் உயிரை விட்டது. முதலாளி புதுப்பெட்டி வாங்க மறுத்துவிட்டார். யாரோ சொல்லி, திருப்பரங்குன்றத்திலிருந்து ஒரு தம்பி வந்தார். பழைய கம்ப்யூட்டர் ஒன்று, நாலு லைன் கார்டு ஒன்று, ஆஸ்டெரிஸ்க். இரண்டு நாளில் பன்னிரண்டு மேசையிலும் மணி அடித்தது. போகும்போது பாஸ்வேர்டை ஒரு அட்டையில் எழுதி, கம்ப்யூட்டர் மூடியின் உள்பக்கம் ஒட்டினார்.

முதலாளி அதையே பார்த்துக்கொண்டிருந்தார். “தம்பி, இதையும் குடுத்துட்டீங்க. இனிமே உங்களக் கூப்பிட வேண்டிய அவசியமே இல்லையே?”

“இல்லாட்டி ரொம்ப நல்லதுங்கய்யா. இடி விழுந்தா மட்டும் போன் பண்ணுங்க.”

அந்த ஐப்பசியிலேயே விழுந்தது. இரவு ஒன்பதரை மணிக்கு டி.வி.எஸ். ஃபிப்டியில் நனைந்துகொண்டு வந்தார். சட்டைக்குள் பாலிதீன் பையில் சுற்றிய மாற்றுக் கார்டு. பத்து மணிக்கு லைன் வந்துவிட்டது. கார்டு விலை போக முந்நூறு ரூபாய் கேட்டார். முதலாளி ஐந்நூறு கொடுத்து, மாதாமாதம் வந்து ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போகும்படி சொன்னார். அதை அன்றிரவே பேரேட்டில் புதுத் தலைப்பு போட்டு எழுதியது நான்தான்.

(தொடரும்)